மழையும் கனியும் குட்டியும்: ராமநாதபுரம் கடற்கரையில் குரங்குக் கூட்டத்தின் இரைக்காலம், பேறுகாலம் பதிவுசெய்ய முழுமையான வழிகாட்டி

பங்குனி வெயில். கண்மாய் வற்றிவிட்டது, ஊருணியில் முழங்கால் அளவுத் தண்ணீர். இந்த நேரம் பார்த்து நாட்டுக் குரங்கு மந்திகள் வயிற்றோடு ஒட்டித் தொங்கும் புதுக்குட்டியோடு புளியமரத்திலிருந்து இறங்குகின்றன. 'தண்ணியில்லாக் காடு' என்று பேர் வாங்கிய சீமையில், கோடை தொடங்கும்போது ஏன் குட்டி போட வேண்டும்? "இரை நிறைய இருக்கும்போது விலங்கு குட்டி போடும்" என்று பொதுவாகச் சொல்லும் விடை இங்கே பொருந்தவில்லை.

விடை, குட்டி பிறந்த தேதியில் கிடைக்காது. அங்கிருந்து 24 வாரம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், ஆறேழு மாதம் முன்னாலும் போய்ப் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பது கருத்தரித்த காலம். முன்னால் இருப்பது குட்டி பால் மறக்கும் காலம். இந்த மூன்று புள்ளிகளையும், மரங்கள் காய்த்துக் கனியும் மாதங்களையும் ஒரே காகிதத்தில் வைத்தால்தான் பருவம் குரங்கை எப்படி நடத்துகிறது என்று தெரியும். அந்தக் காகிதத்தை உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு நீங்களே தயாரிப்பதற்கான முறை இது. பள்ளி இயற்கை மன்றம், கல்லூரி விலங்கியல் மாணவர், ஊரில் ஆர்வமுள்ள நான்கு பேர், யாராலும் முடியும். ஓராண்டு விடாமல் செய்யும் பொறுமைதான் முதலீடு.

முதலில் அடிப்படை: குலுக்கையும் அன்றாடக் கூலியும்

பெண் விலங்குக்குக் கர்ப்பத்தைவிடப் பாலூட்டுவதுதான் பெரிய செலவு. குரங்கினப் பால் நீர்த்த பால், கொழுப்புக் குறைவு. அதனால் குட்டி நாளெல்லாம் சப்பிக்கொண்டே இருக்கும். தாய் மாதக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தச் செலவை எங்கிருந்து எடுப்பது என்பதில் இரண்டு வழி உண்டு.

ஒன்று, குலுக்கையில் நெல் வைத்திருக்கும் சம்சாரி (விவசாயி) வழி. நல்ல பருவத்தில் தின்று உடம்பில் கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டு, உடம்பு தேறியதும் கருத்தரித்து, சேமிப்பைக் கரைத்துப் பாலூட்டுவது. இன்னொன்று, அன்றாடக் கூலிக்காரர் வழி. சேமிப்பு அதிகம் கிடையாது. பாலூட்டும் மாதங்களிலோ பால் மறக்கும் மாதங்களிலோ இரை கைக்குக் கிடைக்கும்படி முன்கூட்டியே காலத்தைப் பொருத்திக்கொள்வது. எந்தக் குரங்கினமும் முழுக்க ஒரே வழியில் நிற்பதில்லை. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும்.

மடகாஸ்கரின் வளையவால் லெமூர் என்னும் குரங்கினம் கூலிக்காரர் பக்கத்தின் கடைக்கோடி. ஏப்ரல், மே மாதங்களில் கூடி, செப்டம்பர், அக்டோபரில் குட்டி போடும். மழைக்காலத் தளிரும் கனியும் பெருகும்போது குட்டி தானே தின்னப் பழகும். பெண் லெமூர் சினைக்குத் தயாராக இருப்பது ஒரு நாளுக்கும் குறைவான நேரம். பகற்பொழுதின் நீள மாற்றமே அதற்குக் கடிகாரம். ஜப்பானியக் குரங்கு இலையுதிர்காலத்தில் கொட்டைகளைத் தின்று கொழுத்து, அப்போதே கூடி, பனிக்காலத்தைக் கர்ப்பத்தில் கடந்து வசந்தத்தில் ஈனும். கென்யாவின் அம்போசெலியில் வாழும் மஞ்சள் பபூன் ஆண்டு முழுக்க ஈனும். ஆனால் வறட்சிக்கும் கடும் வெயிலுக்கும் பிறகு கருத்தரிப்பு குறைகிறது. போர்னியோவின் குனுங் பாலுங் காட்டில் ஒராங்குட்டானின் கதை இன்னும் கடினம். அங்கே மரங்கள் சேர்ந்தாற்போல் காய்ப்பது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. கனியில்லா மாதங்களில் அவற்றின் சிறுநீரில் கீட்டோன் இருந்தது, அதாவது உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருந்தது. கனி பெருகிய மாதங்களில் பெண் ஒராங்குட்டான்களின் ஈஸ்ட்ரோஜன் என்ற இனப்பெருக்க ஹார்மோன் அளவு உயர்ந்தது.

இந்த எடுத்துக்காட்டுகளில் ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். லெமூரில் பருவம் தீர்மானிப்பது 'எப்போது' என்பதை. பபூனில் 'எத்தனை பேர்' என்பதை. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒன்றை அளந்து மற்றொன்றுக்கு விடை சொல்வதுதான் இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் தனித்தனியே அளக்கத்தான்.

நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரியது. கர்ப்பகாலம் சுமார் 24 வாரம். பிறப்புகள் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குவியும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இன்று இது அழிவாய்ப்புள்ள இனம். கோயிலில் தினம் பார்க்கிறோமே என்று இதை எண்ணிக்கையில் பெருத்த விலங்காக நினைப்பது தவறு.

கையில் இருக்க வேண்டியவை

கட்டம் போட்ட 200 பக்க நோட்டு இரண்டு (ஒன்று மரத்துக்கு, ஒன்று குரங்குக்கு), 8×42 பைனாகுலர், துணி அளவு நாடா, கைப்பேசிக் கேமரா, சுற்றுச்சுவர் நேராக நிற்கும் ஒரு தகர டப்பா, மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல். டப்பா மழை அளக்க. சுவர் நேராக இருந்தால் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரமே மழை அளவு, 14 மி.மீ. உயரம் என்றால் 14 மி.மீ. மழை. வாய் அகன்று அடி குறுகிய டம்ளர் தப்பான கணக்கைக் காட்டும். மரத்தடியில் வைக்காதீர்கள், தினம் காலை ஒரே நேரத்தில் அளந்து கொட்டிவிடுங்கள். மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆனால் ஓர் ஊரில் கொட்டி அடுத்த ஊரில் தூறாமல் போவது இந்தக் கரையில் வழக்கம். மாவட்டக் கணக்கு உங்கள் கூட்டத்துக்கு உதவாது.

மஞ்சப்பையோ கேரிபேக்கோ கொண்டுபோகக் கூடாது. பை என்றால் தீனி என்று குரங்கு கற்றுவைத்திருக்கிறது. நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

படி 1: கூட்டத்தை ஆள் ஆளாக அறிவது

முதல் மூன்று வாரம் எதையும் அளக்க வேண்டாம். ஆள் அடையாளம் மட்டும்.

கூட்டம் சாலையையோ மதிலையோ கடக்கும்போது வரிசையாக வரும். எண்ணுவதற்கு அதுதான் நேரம். குறைந்தது ஐந்து நாள் எண்ணி, வந்ததில் அதிகமான எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரி எடுக்காதீர்கள். விடுபட்ட குரங்கு எண்ணிக்கையைக் குறைக்குமே தவிரக் கூட்டாது.

கடுவன் (ஆண்), மந்தி (பெண்), வளர்குட்டி, பால்குட்டி என்று நான்கு வகை போதும். மந்திகளுக்குத்தான் தனித்தனிப் பக்கம் வேண்டும். காது கிழிசல், உதட்டுத் தழும்பு, முகத்தில் சிவப்புத் திட்டு, வால் முனை ஒடிவு, விரல் குறை என்று இரண்டு அடையாளமாவது சேர்த்து எழுதுங்கள். ஒரே அடையாளத்தை நம்பினால் கார்த்திகை மழையில் நனைந்த மயிரோடு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்போது மாட்டிக்கொள்வீர்கள். முலைக்காம்பைப் பாருங்கள்: ஒருமுறையாவது பாலூட்டிய மந்திக்கு நீண்டு தொங்கும், ஈனாத இளமந்திக்குப் பொத்தான்போல் ஒட்டியிருக்கும். மொத்தம் எத்தனை மந்திகள் ஈனும் வயதில் என்பது இந்தக் குறிப்பிலிருந்துதான் வரும். அந்த எண் இல்லாமல் 'எத்தனை பேர்' என்ற கேள்விக்கு விடை கிடையாது.

படி 2: மரங்களின் கணக்கு

கூட்டம் சுற்றும் பரப்பில் அவை தின்னும் ஒவ்வொரு வகை மரத்திலும் பத்து மரம் தேர்ந்தெடுங்கள். பத்து இல்லையென்றால் இருப்பதெல்லாம். ஆணி அடிக்காமல் எண் எழுதிய தகட்டைக் கயிற்றில் தளர்வாகக் கட்டுங்கள். தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் அடிமரச் சுற்றளவை அளந்து எழுதுங்கள்.

மாதம் இருமுறை, 1 மற்றும் 15 தேதிகளில், எல்லா மரத்தையும் சுற்றி வந்து தளிர், பூ, காய், கனி நான்குக்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுங்கள். ஒன்றுமில்லை 0, கிளைகளில் கால்பங்கு வரை 1, அரை வரை 2, முக்கால் வரை 3, அதற்கு மேல் 4. ஒரே ஆள் ஆண்டு முழுக்கப் போடுவது நல்லது. இருவர் போட்டால் முதல் இரண்டு சுற்று சேர்ந்தே போட்டு ஒப்பிடுங்கள். ஒருவர் 2 என்பதை மற்றவர் 3 என்பார்.

இந்தக் கரையில் பட்டியல் பெரும்பாலும் இப்படி அமையும். புளி தை முதல் பங்குனி வரை பழுக்கும். கொடுக்காப்புளி மாசியிலிருந்து சித்திரை. நுங்கு சித்திரையில் தொடங்கி ஆனி வரை, அதன் பின்னால் ஆடி, ஆவணியில் பனம்பழம். வேப்பம்பழமும் நாவலும் ஆனி, ஆடி. இலந்தை மார்கழி, தை. சீமைக்கருவேலம் ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் நெற்று விடும்; அதைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேறு எதுவும் இல்லாத வாரங்களில் தாங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இரைதான். ஆலும் அரசும் மாதக் கணக்குக்குள் அடங்காது. பக்கத்துப் பக்கத்து ஆலமரங்கள்கூட வேறு வேறு மாதத்தில் பழுக்கும். அதனாலேயே ஒரு பெரிய ஆல் மரம் மொத்தக் கூட்டத்தின் ஒரு மாதத்தை மாற்றிவிடும்; கணக்கில் விட்டால் உங்கள் வரைபடம் பொய் சொல்லும். இவை வழிகாட்டும் மாதங்கள் மட்டுமே. உங்கள் மரத்தின் மாதத்தை உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

மதிப்பெண்ணை அப்படியே கூட்டக் கூடாது. நூறாண்டுப் புளியும் வேலியோரக் கன்றும் ஒன்றில்லை. அடிமரப் பரப்பால் பெருக்குங்கள்: சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி 12.57-ஆல் வகுத்தால் பரப்பு கிடைக்கும். 220 செ.மீ. சுற்றுள்ள புளிக்கு 48,400 வகுத்தல் 12.57, அதாவது சுமார் 3,850 சதுர செ.மீ. 90 செ.மீ. சுற்றுள்ள வேம்புக்கு 8,100 வகுத்தல் 12.57, சுமார் 644. இரண்டும் கனிக்கு 2 வாங்கினாலும் ஒன்று 7,700, மற்றது 1,288. பனைக்கு இந்தக் கணக்கு ஓடாது. அதன் தண்டு வயதுக்கேற்பப் பெருக்காது. குலைகளை நேரடியாக எண்ணி தனிவரிசையில் வையுங்கள்.

புல், பூண்டு, பூச்சி ஆகியவற்றையும் விடாதீர்கள். மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளில் தரை பச்சை கட்டும். இளந்தளிரிலும் பூச்சியிலும் இருக்கும் புரதம் கனியில் கிடையாது. ஒரு மீட்டர் சதுரக் கயிற்றுச் சட்டம் செய்து நிரந்தரமாகக் குறித்த பத்து இடங்களில் வைத்து, பச்சை எத்தனை பங்கு என்று அதே 0 முதல் 4 வரை போடுங்கள். கனி மட்டும் எழுதிய நோட்டில் ஐப்பசி, கார்த்திகை பஞ்சமாகத் தெரியும். உண்மையில் அது இந்தக் கரையில் பச்சை பெருகும் காலம்.

படி 3: உண்மையில் என்ன தின்கின்றன

மரத்தில் இருப்பது வேறு, வாய்க்குப் போவது வேறு. மாதம் ஆறு நாள், காலை 6 முதல் 11 வரை மூன்று நாள், மாலை 2 முதல் 6 வரை மூன்று நாள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணில் படும் எல்லாக் குரங்கையும் இடமிருந்து வலமாக ஒரு சுற்று பார்த்து, தின்பவை எத்தனை, எதை, எந்தப் பகுதியை என்று எழுதுங்கள். ஒரு சுற்று ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒரே குரங்கை இரண்டுமுறை எழுதாதீர்கள்.

பகுதி முக்கியம். "வேம்பு" என்று மட்டும் எழுதினால் கொழுந்தா, பழமா என்பது தெரியாது. பழம் தின்னும் மந்தியைச் சற்று நிதானமாகப் பாருங்கள்: கொத்தை ஒரு கையால் வளைத்து, பழத்தை முன்பல்லில் வைத்து நசுக்கி, சதையை உறிஞ்சிக்கொண்டு, கொட்டையை உதட்டு ஓரத்தில் தள்ளிவிடும். கீழே விழும் கொட்டையை எண்ணியே ஐந்து நிமிடத்தில் எத்தனை பழம் என்று சொல்லிவிடலாம்.

கன்னப்பை ஒரு சிக்கல். ஓரிடத்தில் இரையை அள்ளி அடைத்துக்கொண்டு, நூறு மீட்டர் தள்ளி நிழலில் உட்கார்ந்து புறங்கையால் கன்னத்தை அமுக்கி அமுக்கி வாய்க்குத் தள்ளும். அந்த நேரத்தில் எழுதினால் நிழல் தரும் பூவரசை இரை மரமாக எழுதிவிடுவீர்கள். கை வாய்க்குப் போகும் கணத்தை மட்டும் பதியுங்கள். கன்னப்பை மெல்லுவதற்குத் தனிக்குறி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடிநீர் எங்கே என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். கோடையில் ஊருணி உவர்த்துப்போனால் கூட்டம் இரையை விட்டுத் தண்ணீர் இருக்கும் பக்கம் நகரும். அந்த மாதம் மரத்தில் கனி இருந்தும் தின்பது குறையும்.

படி 4: மனிதர் கொடுக்கும் தீனி

ராமநாதபுரம் கரையில் கோயிலும் தீர்த்தமும் உள்ள ஊர்களில் இதை அளக்காமல் செய்யும் எந்தப் பதிவும் வீண். நாலு கிலோ எடையுள்ள மந்தி சும்மா படுத்துக் கிடக்கவே நாளுக்கு ஏறக்குறைய 200 கிலோகலோரி வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 100. அமாவாசைக்கு வரும் ஒரு குடும்பம் கொடுக்கும் ஒரு சீப்பு, ஐந்தாறு மந்திகளின் அடிப்படைத் தேவையை அடைத்துவிடும். அந்தக் கூட்டத்துக்கு ஆனி, ஆடியில் வேம்பு பழுப்பதும் பொய்ப்பதும் பெரிய வேறுபாடு இல்லை.

என்ன கொடுத்தார்கள், எத்தனை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை, பள்ளி விடுமுறை நாட்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். குப்பைத் தொட்டியும் தீனிதான். ஓட்டல் எச்சில் இலைக்கும் ஒரு கோடு.

தொடர்ந்து தீனி கிடைத்தால் இளமந்தி சீக்கிரம் முதல் ஈற்றுக்கு வரும், ஈற்று இடைவெளி சுருங்கும், குட்டிகள் அதிகம் பிழைக்கும். ஜப்பானின் தகாசகியாமாவில் 1952-இல் தீனி போடத் தொடங்கியபோது இருந்தவை சுமார் 200. பின்னால் 2,000-ஐத் தாண்டியது. தீனியைக் குறைத்த பிறகே பெருக்கம் தணிந்தது. ஆனால் தீனி 'எப்போது' என்பதை அவ்வளவு எளிதில் அழிப்பதில்லை. புவேர்ட்டோ ரிக்கோவின் கயோ சாந்தியாகோ தீவுக்கு 1938-இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விட்ட செம்முகக் குரங்குகளுக்கு நாள்தோறும் தீனி உண்டு. அப்படியும் அவை மழையைத் தொடர்ந்துதான் கூடுகின்றன. 'எப்போது', 'எத்தனை' இரண்டும் தனித்தனிச் சங்கதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் இரண்டு கூட்டம் இருந்தால், ஒன்று கோயிலை ஒட்டியும் மற்றது தோப்பிலும் வாழ்ந்தால், இரண்டையும் ஒரே முறையில் பதியுங்கள். ஓராண்டுப் பதிவில் இதைவிடப் பயனுள்ள ஒப்பீடு கிடைக்காது.

படி 5: கூடலும் ஈற்றும்

பபூனுக்கும் சில குரங்கினங்களுக்கும் சினைக்காலத்தில் பின்புறம் பெரிதாக வீங்கும். நாட்டுக் குரங்குக்கு அப்படித் தெரியும்படி வீங்காது. ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைப் பார்த்ததும் கூடல் என்று எழுதிவிடாதீர்கள். கடுவனும் கடுவனும்கூட ஆண்டு முழுக்க அப்படி ஏறிக்கொள்ளும், அது உறவாடும் முறை. மந்தியின் பின்புறத்தில் காய்ந்த வெண்கட்டி (உறைந்த விந்து) தெரிந்தால் உறுதி. இல்லையென்றால் "ஏறியது" என்று மட்டும் எழுதி விட்டுவிடுங்கள். நம்பகமான கணக்கு ஈற்றிலிருந்துதான் வரும்.

தை நடுவிலிருந்து வைகாசி வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மந்தியையும் பார்த்துவிட வேண்டும். இதில் சோம்பினால் ஓராண்டு உழைப்பும் போச்சு. பிறந்த முதல் வாரத்தில் செத்துப்போகும் குட்டி, வாரம் ஒருமுறை பார்ப்பவருக்குப் பிறக்கவே இல்லை. அந்த மந்தி "இந்த ஆண்டு ஈனவில்லை" என்று நோட்டில் ஏறும். பிறகு இரை பற்றாக்குறை என்று பழியும் ஏறும்.

புதுக்குட்டியின் முகம் வெளிறிய இளஞ்சிவப்பில் சுருங்கிக் கிடக்கும், மயிர் கறுத்திருக்கும், காது மண்டைக்குப் பெரிதாகத் தெரியும். தொப்புள்கொடி காயாமல் ஒட்டியிருந்தால் பிறந்து ஓரிரு நாள்தான். முதல் இரு வாரம் வயிற்றை விட்டு நகராது. குரங்குப்பிடி என்று நாம் சொல்வது இதைத்தான். மூன்று, நான்கு வாரத்தில் தாய்க்குக் கையெட்டும் தூரத்தில் தள்ளாடும். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பு மயிர் வெளுக்கத் தொடங்கும். தேதியோடு பிழை அளவையும் எழுதுங்கள்: தொப்புள்கொடியோடு பார்த்தால் இரண்டு நாள் முன்பின், தள்ளாடும்போது பார்த்தால் பத்து நாள், மயிர் வெளுத்த பிறகு பார்த்தால் ஒரு மாதம்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு மந்தியின் உடல்வாகையும் 1 முதல் 5 வரை போடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து பாருங்கள். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தினால் 1, எலும்பே தெரியாமல் வழுவழுவென்று இருந்தால் 5. இரையிலிருந்து கருவுக்குப் போகும் பாதையில் நடுவில் நிற்பது இந்த உடம்புதான். நேபாளத்தின் ராம்நகரில் அனுமன் குரங்குகள் உடல்வாகு உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் பெரும்பாலும் கருத்தரிக்கின்றன.

படி 6: பின்னோக்கி எண்ணுதல்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மார்ச் 9 அன்று மந்தியிடம் குட்டி இல்லை. 14 அன்று குட்டி இருக்கிறது. நடுத் தேதி மார்ச் 12 என்று வைப்போம். 24 வாரம், அதாவது 168 நாள் பின்னால் போனால் செப்டம்பர் 25. கர்ப்பகாலம் சற்று முன்பின் ஆகலாம் என்று பத்து நாள் இருபுறமும் விட்டால் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 5 வரை. தமிழ்க் கணக்கில் ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி மூன்றாம் வாரம்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகப் பிடிப்பது அக்டோபர் 20-ஐ ஒட்டி. ஆகவே மார்ச் நடுவில் பிறந்த குட்டி, பெருமழைக்கு முன்பே கருவானது. அந்தத் தாயின் உடம்பைத் தேற்றியது ஐப்பசிப் பச்சையாக இருக்க முடியாது. ஆனி முதல் ஆவணி வரை கிடைத்த வேம்பு, நாவல், பனம்பழம், ஆலம்பழம் பக்கம்தான் தேட வேண்டும். ஏப்ரல் கடைசியில் பிறந்த குட்டிக்கு இதே கணக்கு நவம்பர் முதல் பாதியில் விழும். அங்கே மழைப்பச்சை வழக்கில் நுழைகிறது. முன்னோக்கியும் எண்ணுங்கள்: மார்ச் குட்டிக்கு ஆறு மாதம் செப்டம்பர், எட்டு மாதம் நவம்பர். தானே தின்னப் பழகும் குட்டியின் கைக்கெட்டும் உயரத்தில் புல்லும் பூச்சியும் பெருகுவது அப்போதுதான்.

பகல் நீளத்தின் மேல் பாரத்தைப் போடுவது இங்கே கடினம். இந்த அட்சரேகையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

ஒரு நீளத் தாளில் 52 வாரக் கட்டம் போட்டு, மேலிருந்து கீழாக மழை, பச்சை, கனி, மனிதத் தீனி, உடல்வாகு, கருத்தரித்த வாரம், பிறந்த வாரம் என ஏழு வரிசை வரையுங்கள். அடுத்த ஆண்டும் அதே தாள். மழை மூன்று வாரம் பிந்திய ஆண்டுக்குப் பிறகு பிறப்புகளும் மூன்று வாரம் பிந்தினால், மழை 'எப்போது' என்பதைப் பிடித்திருக்கிறது. பிறப்பு மாதம் நகராமல் இருபது மந்திகளில் பதினாறு ஈன்ற இடத்தில் எட்டுதான் ஈன்றால், இரை பிடித்திருப்பது 'எத்தனை' என்பதை. குறைந்தது மூன்று ஆண்டுத் தாள்கள் இல்லாமல் எந்த முடிவையும் வெளியே சொல்லாதீர்கள்.

எங்கே தவறும், ஏன்

போன ஆண்டு ஈன்ற மந்தி இந்த ஆண்டு ஈனாமல் இருப்பதற்கு இரை மட்டும் காரணமில்லை. பால்குட்டி விடாமல் சப்பினால் சினை தள்ளிப்போகும். குட்டி செத்துவிட்டால் தாய் சீக்கிரம் சினைக்கு வரும். அதனால் போன ஆண்டுக் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு மந்தியின் பக்கத்திலும் எழுதியிருக்க வேண்டும். இந்த ஒரு தகவல் இல்லாமல் போட்ட ஈற்றுக் கணக்கை நம்ப வேண்டாம்.

புதுக் கடுவன் கூட்டத்துக்குள் நுழைந்த வாரத்தைக் குறியுங்கள். அனுமன் குரங்குக் கூட்டங்களில் புது ஆண் வந்ததும் குட்டிகளைக் கொல்வதும், தாய்கள் காலம் தப்பி ஈனுவதும் 1960-களில் கர்நாடகத்தின் தார்வாட் பகுதியிலேயே பதிவானது. அப்படிப்பட்ட ஈற்றுக்கும் இரைக்கும் தொடர்பில்லை.

ஒரே மாதத்தில் இரண்டு உச்சம் வந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. மாசி, பங்குனியில் புளியும் பழுக்கிறது, குட்டியும் பிறக்கிறது. புளி பழுப்பதால் குட்டி பிறக்கிறது என்று எழுத மனம் துடிக்கும். ஆனால் அந்தக் கரு உருவானபோது மரத்தில் இருந்தது பழுக்காத காய்.

மரம் வெட்டப்பட்டால் அதன் எண்ணை வேறு மரத்துக்குக் கொடுக்காதீர்கள். சீமைக்கருவேலம் அகற்றும் பணி நடந்தால் தேதி எழுதுங்கள். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் தனித்தனிக் கணக்கு.

கூட்டத்தின் அருகே

பத்து மீட்டருக்குள் போக வேண்டாம். புதுக்குட்டி உள்ள தாய்க்கு இருபது. கண்ணோடு கண் பார்ப்பது குரங்குக்குச் சண்டைக்கு அழைப்பது போல. குட்டியை நோக்கிக் கை நீட்டவே கூடாது. பதிவு செய்பவர் ஒரு கடலைகூடப் போடக் கூடாது, போட்ட நாள் முதல் நீங்கள் அளப்பது உங்களைத்தான். பிடிப்பது, கூண்டில் அடைப்பது, காயப்படுத்துவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காயம்பட்ட குரங்கைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். குழுவில் யார் களத்துக்குப் போனாலும், போகும் முன் இன்னொருவருக்கு இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.